குமிழுக்கும் கொள்ளளவிக்கும் நடுவே: தண்டு இணைப்பிக் கோளாறுகளைக் கண்டுபிடித்துத் தீர்த்தல்

வீட்டில் கட்டிய வானொலியில் மீடிறன் (அதிர்வெண்) சொன்ன இடத்தில் நிற்கவில்லையென்றால் எல்லோரும் முதலில் மீடிறனை உண்டாக்கும் மின்சுற்றான ஒசிலேற்றரைத்தான் சந்தேகிக்கிறார்கள். சுருளைப் பிரித்துச் சுற்றுகிறார்கள், டிரான்சிஸ்டரை மாற்றுகிறார்கள், நல்ல கொள்ளளவிகளையும் கழற்றி எறிகிறார்கள். கோளாறோ பல வேளைகளில் மின்சுற்றிலேயே இருப்பதில்லை. முகப்புத் தகட்டில் உள்ள குமிழுக்கும் உள்ளே தகடுகளைச் சுழற்றி மீடிறனை மாற்றும் மாறுங் கொள்ளளவிக்கும் நடுவே ஓடும் இரண்டு அங்குலத் தண்டிலும், அதை இணைக்கும் தண்டு இணைப்பி என்ற சிறு துண்டிலும் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் பார்த்து முடிக்கக்கூடிய அந்தத் துண்டைக் கடைசியில் பார்ப்பதால்தான் கிழமைக் கணக்கில் நேரம் போகிறது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம் உண்டு. வானொலிக்கென்று செய்த தண்டு இணைப்பி இங்கே கடையில் கேட்டால் கிடைக்காது. கையில் அகப்பட்ட குழாயையும் பித்தளையையும் வைத்துத்தான் இணைக்கிறோம். அதில் தவறில்லை, எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று தெரிந்திருந்தால் போதும். 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது. தொலைபேசி செத்துப்போன நேரத்தில் சொன்ன மீடிறனில் சொன்னபடி நிற்கும் ஒரு பெட்டி வீட்டில் இருப்பது இந்தக் கரையில் பொழுதுபோக்கையும் தாண்டிய விடயம் என்பதே என் எண்ணம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். இணைப்பிக்கு இரு புறமும் உள்ள தண்டுகளின் மேல், ஒரே நேர்கோட்டில், பேனாவால் கோடு போடுங்கள். குமிழை முன்னும் பின்னும் மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு கோடுகளும் சேர்ந்தே புறப்பட்டுச் சேர்ந்தே நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இணைப்பியின் திருகாணிகளைத் தளர்த்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் குச்சியால் கொள்ளளவியின் சுழலியை, அதாவது சுழலும் தகடுகளை, நேரடியாகத் தள்ளித் திருப்புங்கள். கோளாறு அப்போதும் இருந்தால் இணைப்பி குற்றவாளி அல்ல. மறைந்துவிட்டால் கீழே வாசியுங்கள்.

டயலைத் திருப்பிக் கொண்டுவந்தால் நிலையம் அதே இடத்தில் இல்லை

வலப்புறமிருந்து வந்தால் ஓர் இடம், இடப்புறமிருந்து வந்தால் வேறோர் இடம். இது தொய்வு, அதாவது குமிழ் திரும்பியும் தண்டு உடனே திரும்பாமை. எவ்வளவு தொய்வு கெடுதி செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் 200 கிலோஹேர்ட்ஸ் அகலத்தை உங்கள் கொள்ளளவி 180 பாகையில் கடக்கிறது என்று வையுங்கள். சராசரியாக ஒரு பாகைக்கு 1.1 கிலோஹேர்ட்ஸ். அரைப் பாகைத் தொய்வு என்றால் 550 ஹேர்ட்ஸ். ஒற்றைப் பக்கப் பட்டை (SSB) முறையில் வரும் பேச்சு புரியாமல் போவதற்கு அது தாராளம்.

ரப்பர் குழாயோ மோட்டார் சைக்கிளின் பெற்றோல் குழாயோ இணைப்பியாக இருந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். குழாய் முதலில் முறுகும், பிறகுதான் தண்டைத் திருப்பும். கையை எடுத்தபின் மெல்ல அவிழ்ந்து மீடிறனையும் கூடவே இழுத்துச் செல்லும். பெற்றோல் குழாயை நான் இகழவில்லை. அன்டெனாவை அனுப்பிக்குப் பொருத்தும் அன்டெனா டியூனருக்கும் ஒலிக் கட்டுப்பாட்டுக்கும் அதைப்போல மலிவான, நன்றாக வளையும் இணைப்பி இல்லை. மீடிறனைத் தீர்மானிக்கும் தண்டில் மட்டும் அதை வைக்கக்கூடாது.

குமிழின் சுற்றைக் குறைத்துத் தண்டுக்குக் கொடுக்கும் குறைப்புச் சக்கரம் வைத்திருப்பவர்கள் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 6:1 குறைப்புக்கு முன்னால், அதாவது குமிழுக்கும் குறைப்புக்கும் நடுவே உள்ள தொய்வு, கொள்ளளவியைச் சேரும்போது ஆறில் ஒன்றாகிவிடும். குறைப்புக்குப் பின்னால் உள்ள தொய்வு சற்றும் குறையாமல் அப்படியே சேரும். ஆகவே உங்களிடம் ஒரு நல்ல இணைப்பியும் ஒரு சுமாரான இணைப்பியும் இருந்தால், நல்லதைக் கொள்ளளவிப் பக்கம் வையுங்கள். இதுவரை மாறி வைத்திருந்தால், இடம் மாற்றுவதே பாதிக் கோளாறைத் தீர்க்கும்.

மூன்று துண்டுகளால் ஆன ஓல்டாம் வகை இணைப்பியில் நடுத் துண்டு தேய்ந்தாலும் இதே அறிகுறி வரும். நடுத் துண்டை மட்டும் புதிதாக வெட்டிப் போடலாம்.

குமிழ் சுழல்கிறது, தகடுகள் அசையவில்லை

இது வழுக்கல். பெரும்பாலும் அளவுப் பொருத்தமின்மைதான் காரணம். பழைய அமெரிக்க, பிரித்தானியக் கொள்ளளவிகளின் தண்டு கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீற்றர். ஐரோப்பிய, ஜப்பானிய உதிரிப்பாகங்களில் 6 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். வேணியர் இடுக்கிமானி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

6.35 துளைக்குள் 6 தண்டை வைத்துத் திருகாணியை இறுக்கினால் தண்டு ஒரு பக்கம் ஒதுங்கும். பிடிப்பும் குறையும், அச்சும் விலகும். சுற்றிலும் 0.175 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறது. 0.15 மில்லிமீற்றர் பித்தளைத் தகடு கிடைத்தால் ஒரு சுற்றுப் போதும். கிடைக்காவிட்டால் குளிர்பான அலுமினியக் கேனின் பக்கச் சுவரை வெட்டிச் சுற்றலாம். அது ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு சுற்றுடன் சிறிது இடைவெளி மிஞ்சும், ஆனால் ஒதுங்கல் பாதிக்கும் கீழாகிவிடும். கேனின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் மின்கடத்தாப் பூச்சு உண்டு. தண்டு வழியாகப் புவித்தொடர்பு வேண்டுமானால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

அளவு சரியாக இருந்தும் வழுக்கினால் திருகாணியைப் பாருங்கள். ஒரே திருகாணி போதாது. 90 பாகை இடைவெளியில் இரண்டு வேண்டும், தண்டில் அவை உட்காரும் இடத்தை அரத்தால் சற்றுத் தட்டையாக்க வேண்டும். கல்லடி, மருதமுனை, ஒலுவில் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: உருக்குத் திருகாணி உப்புக் காற்றில் துருப்பிடித்து, அலன் கீ போடும் ஓட்டை உருண்டையாகிவிடும். துருப்பிடிக்காத உருக்குத் திருகாணியைப் போட்டு, மரைக்குச் சிறிது கிரீஸ் தடவுங்கள்.

பாதிச் சுற்று இறுக்கம், பாதிச் சுற்று இளக்கம்

இதுதான் எல்லாக் கோளாறுகளிலும் கெட்டது. கையில் உணரும் இறுக்கம் அதன் வெளித்தோற்றம் மட்டுமே. உள்ளே ஒவ்வொரு சுற்றிலும் சுழலி ஒரு பக்கம் தள்ளப்படுகிறது, தகடுகளின் இடைவெளி மாறுகிறது, மீடிறன் நெளிகிறது. நெடுநாள் விட்டால் கொள்ளளவியின் தாங்கிக் குண்டுகள் தேய்ந்துவிடும். நல்ல கொள்ளளவி இப்போது கிடைப்பதே அரிது, அதை இப்படி இழக்கக்கூடாது.

காரணம் எளிது. கொள்ளளவியின் தண்டை அதன் இரு முனைத் தாங்கிகள் ஏற்கெனவே பிடித்திருக்கின்றன. முகப்புத் தகட்டில் தண்டைத் தாங்கும் உலோக வளையமாக ஒரு புஷ் வைத்தால் அது மூன்றாவது தாங்கி. மூன்றையும் விறைப்பான பித்தளை இணைப்பியால் ஒரே அச்சில் கட்டினால், தலைமுடி அளவு விலகலும் இறுக்கமாகத் தெரியும். எனவே ஒன்று முகப்பில் பெரிய துளை விட்டு அந்தப் புஷ்ஷை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வளையக்கூடிய இணைப்பிக்கு மாறுங்கள்.

மாறுவதற்கு முன் அச்சை நேராக்கிப் பாருங்கள். கொள்ளளவியைச் சட்டகத்தில் பிடிக்கும் ஆணிகளைத் தளர்த்துங்கள். விறைப்பான இணைப்பியில் நேரான ஒரு கம்பியை மாட்டி, முகப்புப் புஷ் வழியாக வெளியே விடுங்கள். கொள்ளளவி தானாகவே தனக்குரிய இடத்தில் உட்காரும். உயரம் போதாத இடத்தில் வாஷர் வைத்துவிட்டு ஆணிகளை ஒவ்வொன்றாக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் கம்பியைச் சுழற்றிப் பாருங்கள். இதற்குப் பிறகும் இறுக்கம் இருந்தால்தான் வளையும் இணைப்பி தேவை.

முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்கு விற்கும் சுருள் வெட்டு அலுமினிய இணைப்பியை இணையத்தில் வரவழைக்கலாம். அதிகம் கிடைப்பது 5-க்கு 8 மில்லிமீற்றர். உங்களுக்கு வேண்டியது 6.35-க்கு 6.35 அல்லது 6-க்கு 6.35. அளவைப் பார்த்து வாங்குங்கள். தண்டுகள் கோணத்தில் விலகியிருந்தால் அது நன்றாகத் தாங்கும். இணையாக, மேலும் கீழுமாக விலகியிருந்தால் அவ்வளவு தாங்காது. அதற்கு ஓல்டாம் வகை பொருத்தம். இரண்டில் எது என்று முன்கூறிய கம்பியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

நான் மிகவும் மதிக்கும் இணைப்பி வீட்டிலேயே செய்யக்கூடியது. கண்ணாடி நார் அச்சுச்சுற்றுப் பலகையிலிருந்து 35 மில்லிமீற்றர் விட்டத்தில் ஒரு வட்டத்தை வெட்டுங்கள். 0.8 மில்லிமீற்றர் தடிப்புப் பலகை கிடைத்தால் மிக நல்லது; வழக்கமான 1.6 சற்று விறைப்பு. செப்புத் தகட்டை முழுவதும் அரித்து எடுத்துவிடுங்கள், ஒரு பொட்டும் மிஞ்சக்கூடாது. நடுவில் தண்டை விடப் பெரிய துளை. விளிம்பை ஒட்டி 90 பாகைக்கு ஒன்றாக நான்கு சிறு துளைகள். தண்டில் மாட்டும் இரண்டு பித்தளைக் குடங்கள் (துளையுள்ள சிறு உருளைகள்) வேண்டும்; ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு பித்தளைப் பட்டியைப் பற்றவைத்து இரு கைகள் நீட்டுங்கள். முதற் குடத்தின் கைகளை எதிரெதிரான இரண்டு துளைகளில் முடுக்குங்கள். மற்றக் குடத்தை வட்டத்தின் மறுபக்கத்தில், மீதி இரண்டு துளைகளில் முடுக்குங்கள். முடுக்கிய ஆணித் தலைகள் எதிர்ப்பக்கக் குடத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டம் பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும், சுழலும் திசையில் வளையாது. ஆகவே தொய்வு இல்லை, அச்சு விலகலும் தாங்கும், மின்னும் கடக்காது. மூன்று குணமும் ஒரே துண்டில். மீடிறனைத் தீர்மானிக்கும் தண்டுக்கு இதைவிட மேலானதை நான் கண்டதில்லை.

கை கிட்டப் போனால் சுருதி மாறுகிறது

ஒசிலேற்றரின் கொள்ளளவிச் சுழலி பொதுவாகப் புவித்தொடர்பில்தான் இருக்கும். ஆனால் அந்தத் தொடர்பு கொள்ளளவியின் சட்டகம் வழியாக ஓரிடத்தில் இருக்க வேண்டும். உலோகத் தண்டு முகப்புத் தகட்டை உரசிக்கொண்டு வெளியே வந்தால் இரண்டாவது பாதை உருவாகிறது. அந்த உரசல் விட்டுவிட்டுத் தொடுவதால் மீடிறன் துள்ளும். உரசாமல் வெளியே வந்தாலோ, தண்டே உங்கள் கையை ஒசிலேற்றருக்குள் கொண்டுபோகும் கம்பியாகிவிடும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து: நடுவே காவலி (மின்கடத்தாப் பொருள்) இணைப்பி வைத்து, குமிழ்ப் பக்கத் தண்டை முகப்பின் உலோகப் புஷ் மூலம் நன்றாகப் புவித்தொடர்பு செய்யுங்கள். அந்தப் புஷ்ஷுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பழைய வொலியூம் கொன்ட்ரோல் ஒன்றின் பின்மூடியைக் கழற்றி, கரித் தடத்தையும் சுற்றை நிறுத்தும் நாக்கையும் நீக்கிவிட்டால், மரையும் நட்டும் சேர்ந்த 6 மில்லிமீற்றர்த் தண்டுத் தாங்கி கையில் இருக்கும். தொலைக்காட்சி, வானொலி திருத்தும் கடைகளில் உடைந்த பெட்டிகளிலிருந்து கேட்டால் தருவார்கள். உலோகத் தண்டு உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

திருப்பும்போது மட்டும் கரகரப்பு

பிளாஸ்டிக் குச்சிச் சோதனை இங்கேதான் அதிகம் உதவும். குச்சியால் திருப்பும்போதும் கரகரத்தால் சுழலியைத் தொடும் விரல் போன்ற உலோகத் தொடுகையில் அழுக்கு. ஐசோபுரொப்பைல் மதுசாரத்தால் துடைத்தால் போதும். குச்சியில் அமைதி, குமிழில் கரகரப்பு என்றால் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. மேலே சொன்ன காவலி இணைப்பியே இதற்கும் தீர்வு.

அன்டெனா டியூனரின் குமிழ் விரலைச் சுடுகிறது

உடனே அனுப்புவதை நிறுத்துங்கள். இது சிறிய எச்சரிக்கை அல்ல. வானொலி மீடிறன் மின் தோலின் கீழே சுட்டால் புண் ஆற நாள் எடுக்கும்.

அமெச்சூர்கள் கட்டும் டியூனர்களில் ரி வடிவச் சுற்று மிகவும் பரவலானது. அதில் இரண்டு மாறுங் கொள்ளளவிகளும் சமிக்ஞை செல்லும் பாதையிலேயே இருக்கின்றன. சுழலியும் நிலையியும் (அசையாத தகடுகள்) இரண்டுமே புவித்தொடர்பு அற்றவை. சட்டகமும் தண்டும் முழு அழுத்தத்தில் இருக்கும். 50 ஓமில் 100 வாற்று என்றால் உச்ச அழுத்தம் 100 வோல்ற்றுதான். ஆனால் பொருந்தாத அன்டெனாவைப் பொருத்தும்போது அதே 100 வாற்றில் ஆயிரம் வோல்ற்றையும் தாண்டலாம். குமிழ் பிளாஸ்டிக்தானே என்று இருந்துவிடாதீர்கள். அதன் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியில்தான் விரல் படுகிறது.

கொள்ளளவியையே சட்டகத்திலிருந்து காவலிக் கால்களில் தூக்கி வைத்து, தண்டுக்குக் காவலி இணைப்பி போடுங்கள். இரண்டு தண்டு முனைகளுக்கும் நடுவே 10 மில்லிமீற்றர் காவலி இருக்கட்டும். உலர்ந்த காற்று மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ற்றுத் தாங்கும் என்றாலும், நம் கரையில் பரப்பின் மேல் படியும் உப்பும் ஈரமும் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். குமிழ்ப் பக்கத் தண்டைப் புவித்தொடர்பு செய்ய இங்கும் மறக்காதீர்கள். இலங்கையில் அனுப்புவதற்கு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இந்தச் சோதனைகளை அன்டெனா இல்லாமல், டம்மி சுமையில் (அன்டெனாவுக்குப் பதிலாக வலுவை ஏற்கும் தடையில்) குறைந்த வலுவில் தொடங்குங்கள்.

காவலி இணைப்பி சூடாகிறது, கருகுகிறது

பொருளில் பிழை. கறுப்புப் பிளாஸ்டிக்கில் கரி கலந்திருக்கலாம். பல்மானியில் முடிவிலித் தடை காட்டினாலும் வானொலி மீடிறனில் சூடேறும். பீவீசீக் குழாய் குறைந்த வலுவில் தாங்கும், அழுத்தம் கூடினால் தாங்காது. நைலோன் ஈரத்தை உறிஞ்சும். மரமும் அப்படியே.

நம்பக்கூடிய பொருள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. காய்கறி வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை பெரும்பாலும் பொலிஎதிலீன். ஈரம் உறிஞ்சாது, மின்னிழப்பு மிகக் குறைவு, அறுக்கவும் துளைக்கவும் எளிது. டெஃப்லான் மின்னளவில் இன்னும் மேல், ஆனால் திருகாணி அழுத்தும் இடத்தில் நாளாக நாளாக நகர்ந்து இளகிவிடும். டெஃப்லானில் நேரே மரை வெட்டாமல் இருபுறமும் பித்தளை வளையம் போட்டு இறுக்குங்கள்.

ஐயமான பொருளைச் சோதிக்க மைக்ரோவேவ் அடுப்பு உதவும். உலோகம் சிறிதும் இல்லாத ஒரு சிறு துண்டையும், பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரையும் வைத்து, அருகிலேயே நின்று அரை நிமிடம் ஓட்டுங்கள். துண்டு சுட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் வரும் கோளாறு

மார்கழி, தை வாடையில் இறுகி, கச்சான் வீசும் மாதங்களில் சரியாகிவிடும் பெட்டி என்றால் மரச் சட்டகமோ நைலோன் இணைப்பியோ ஊதுகிறது. பொலிஎதிலீனுக்கு மாறுங்கள். இரவில் மட்டும் டியூனரில் பொறி தட்டினால் காவலியின் மேல் உப்புப் படை. சுத்தமான தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள்.

லேத் பட்டறையில் செய்விப்பது

மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கங்களிலும் அரிசி ஆலைக்கும் மீன்பிடிப் படகுக்கும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கும் வேலை செய்யும் லேத் பட்டறைகள் இருக்கின்றன. பெரும்போக அறுவடை நாட்களில் போகாதீர்கள். அவர்கள் தலைக்குமேல் வேலையோடு இருப்பார்கள். “பாஸ், ஒரு கப்ளிங் வேண்டும்” என்று மட்டும் சொன்னால், “எத்தனை குதிரைவலு மோட்டாருக்கு, தம்பி?” என்றுதான் கேள்வி வரும். கேட்பதில் நியாயம் இருக்கிறது, அவர் தினமும் செய்வது அதுதான். தாளில் வரைந்து, எல்லா அளவையும் மில்லிமீற்றரில் எழுதி, இரண்டு தண்டுத் துண்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

கேட்க வேண்டியது இது: 12 மில்லிமீற்றர்ப் பித்தளைக் கம்பி, 25 மில்லிமீற்றர் நீளம். முழு நீளத்துக்கும் 6 மில்லிமீற்றர்த் துளை. பிறகு கம்பியை லேத்தின் பிடியான சக்கிலிருந்து கழற்றாமலேயே பாதி ஆழத்துக்குக் கால் அங்குலத் துளை. கழற்றித் திருப்பிப் போட்டுத் துளைத்தால் இரண்டு துளைகளின் அச்சும் ஒன்றாக வராது. இந்த ஒரு விடயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். திருகாணிக்கு எம் 4 மரை, அதற்கு 3.3 மில்லிமீற்றர்த் துளை. எம் 3 என்றால் 2.5. மரை வெட்டியபின் உட்துளையில் எழும்பும் பிசிரை, தண்டுத் துளையைப் போட்ட அதே துளையூசியைக் கையால் சுழற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

பட்டறைக்குப் போக முடியாதவர்கள் மின்கம்பி இணைக்கும் கனெக்டர் துண்டுகளில் பெரிய அளவை வாங்கிப் பிளாஸ்டிக்கை வெட்டி எடுக்கலாம். உள்ளே இரண்டு திருகாணியோடு பித்தளைக் குழாய் இருக்கும். கடையிலேயே தண்டை நுழைத்துப் பார்த்து வாங்குங்கள். திருகாணிகள் ஒரே பக்கம் இருப்பதால் தண்டு ஒதுங்கும்; அதனால் ஒலிக் கட்டுப்பாட்டுக்கும் டியூனரின் குமிழ்ப் பக்கத்துக்கும் அது போதுமானது, ஒசிலேற்றருக்கு வேண்டாம்.

லேத்தில் செய்விக்கும்போது ஒன்றுக்குக் கேட்கும் கூலியோடு சிறிது சேர்த்துக் கொடுத்தால் நான்காகவே வெட்டித் தருவார்கள், இயந்திரத்தை ஒரு முறை ஆயத்தம் செய்வதே பெரிய வேலை என்பதால். இரண்டு 6-க்கு 6.35, ஒன்று 6-க்கு 6, ஒன்று 6.35-க்கு 6.35 என்று கேளுங்கள்.